சாம்பலில் விட்டுவந்தவள்

என் கொழுந்தன் தோர்பா உருப்படியாகச் செய்த வேலை ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் முழிப்பேன். ஈட்டியை எடுத்தால் தன் காலிலேயே குத்திக்கொள்வான். சடைமுடி யானை வேட்டைக்குக் கூட்டிப்போனால், விலங்கு காதைத் திருப்புகிற நேரம் பார்த்துத் தும்முவான். என் மாமியார் செத்ததும், மண்ணில் பெண் பொம்மை பிடிக்கிற அவளுடைய வேலையை இவன் கையில் கொடுத்ததே வேட்டைக்காரர்கள் நிம்மதியாக இருக்கத்தான். இவனோ அன்றிலிருந்து ஆற்றங்கரை மண்ணையே தான் பெற்றெடுத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான்.

எங்கள் வழக்கம் இதுதான். பனி உருகி முகாமைக் கிளப்பும் முன்னால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்காக ஒரு மண்பெண் பிடித்துப் பொது நெருப்பில் போடுவார்கள். அது படாரென்று வெடித்துச் சிதறினால் அவளைப் பிடித்த கெடுதியும் சிதறிப்போயிற்று என்று அர்த்தம். அவள் எங்களோடு நடக்கலாம். வெடிக்காவிட்டால் கெடுதி அவளுக்குள்ளேயே இருக்கிறது, கூட வந்தால் எல்லாரையும் பிடிக்கும். கொஞ்சம் உலர்ந்த இறைச்சி கொடுத்து அவளைக் குடிலில் விட்டுவிட்டுப் போய்விடுவோம். முந்தின வருஷம் சாவ்கியை அப்படித்தான் விட்டோம். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் கட்டியிருந்த நரிப்பல் கச்சை மட்டும் கிடந்தது. ஓநாய்கள் வேறு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இந்த வருஷம் வாயும் வயிறுமாக இருந்தது என் மகள் நிஷ்கா. அவள் புருஷன் மந்தையின் தடம் பார்க்க முன்னாலேயே போயிருந்தான். அவன் ஆள் அனுப்பியதும் நாங்கள் கிளம்ப வேண்டியது.

ஒருநாள் தோர்பாவுக்கு ஈரல் கொண்டுபோனேன். சமைக்கவும் தெரியாத ஜென்மம், நான்தான் ஆக்கிப்போட வேண்டும். அவன் அடுப்பங்கரையில் ஒரு தட்டைக்கல்லின் மேல் நிஷ்காவுக்கான மண்பெண் நின்றுகொண்டிருந்தது. இவன் விரலில் கொழுப்பைத் தொட்டு அதன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தான். பெற்ற தாயின் காலைக்கூட ஒருநாள் பிடித்துவிடாதவன்.

“இதென்னடா, தலை இருக்கு, மூஞ்சி எங்க?” என்று கேட்டேன்.

“மூஞ்சி வச்சா அது யாரோ ஒருத்தி ஆயிடும் அண்ணி. இது எல்லாப் பொம்பளையும்.”

“எல்லாப் பொம்பளைக்கும் பாதமும் கிடையாதா? அப்ப ஆத்துலேருந்து தண்ணி சுமந்துட்டு வர்றது யாரு, உங்கப்பனா?”

“அழகுன்னா என்னன்னு உங்களுக்கு எங்க தெரியப் போகுது!”

“அஞ்சு பெத்தவடா நான். இவ்வளவு பெரிய மார் எவளுக்காவது இருந்தா, பிள்ளை பால் குடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு முட்டியே செத்திருக்கும். பொம்பளையை நேரா ஒருதடவை பார்த்துட்டுச் செய்டா, வெட்கங்கெட்டவனே!”

அவன் காதிலேயே வாங்கவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தன் அழகியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஈரல் கொண்டுபோன போதெல்லாம் அவள் அதே கல்லில், அதே சூட்டில், மினுமினுவென்று நின்றாள்.

நெருப்பில் போடுகிற நாள் வந்தது. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் இரண்டு கையாலும் தணலில் வைத்தான். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். விறகு எரிந்து தணிந்தது. அவள் கறுத்துப்போய், இடுப்பில் ஒரு கீறலோடு, அப்படியே கிடந்தாள். நான் தோர்பாவின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். தன் பெண் உடையவில்லையாம்! அப்புறம்தான் அவசர அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “கெடுதி உள்ளேயே இருக்கு” என்றான்.

கூட்டத்தின் தலைவர் உர்தனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “வழக்கம்மா, நான் என்ன பண்ண?” என்று குளிரிலும் வியர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனாக இருந்து என்ன பிரயோஜனம்?

குடிலுக்குத் திரும்பியதும் நிஷ்கா கேட்டாள்: “அம்மா, எனக்கு எவ்வளவு கறி வச்சிட்டுப் போவீங்க?”

 எழுந்து ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். மாமியார் மண் பிடித்த இடம் அது. அந்தக் கிழவி வாய்கொழுத்தவள், ஆனால் வேலையில் சுத்தம். விரலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பிசைந்து, அந்த ஈரத்தோடேயே கொண்டுபோய் எறிவாள். முகத்தைத் தேடவும் மாட்டாள், இடுப்பைத் தடவவும் மாட்டாள். அவள் எறிந்தது ஒன்றுகூட வெடிக்காமல் இருந்ததில்லை. இவனுடையதோ கல்லின் சூட்டிலேயே நின்று நின்று எலும்பாகக் காய்ந்திருந்தது. எனக்குப் பொறிதட்டியது.

கை நிறைய மண் அள்ளினேன். நான் பிடித்தது பெண்ணை இல்லை. வளைந்த கால், தொங்கும் தொப்பை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கீழுதடு, திருட்டு முழி. என் கொழுந்தனை இத்தனை வருஷம் சகித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. என் அடுப்பங்கரைக் கல்லில் வைத்து, அவன் செய்ததுபோலவே காயவிட்டேன்.

மருமகன் ஆள் அனுப்பிவிட்டான். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றிக் கூடிய நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். குழந்தைகள்தான் முதலில், “தோர்பா சித்தப்பா! தோர்பா சித்தப்பா!” என்று கத்தின. உர்தன் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

“பெரியவரே, பனி உருக ஆரம்பிச்சதுலேருந்து இவன் இடுப்பு நோவுதுன்னு கத்துறான். இவனுக்குள்ள ஏதாவது கெடுதி இருந்து நம்மளையும் பிடிச்சா? போட்டுப் பார்த்துடலாமே” என்றேன்.

“ஆம்பளைக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?” என்றான் தோர்பா.

“போடுங்க, போடுங்க” என்றார் உர்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆண்கள் சிரித்துவிட்டால் எதற்கும் சம்மதிப்பார்கள்.

போட்டேன். தொப்பை சிவந்தது, கீழுதடு சிவந்தது. வெடிக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“சரி, என் மகளுக்குத் துணை கிடைச்சாச்சு. கறியை ரெண்டாப் பிரிங்க. இவனும் இங்கயே இருக்கட்டும்” என்றேன்.

உர்தன் நெருப்பையும் தோர்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “வெடிக்கலையே தோர்பா” என்றார் மெதுவாக.

தோர்பாவுக்குப் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. “ஐயோ பெரியவரே, அது காஞ்ச மண்ணு! காஞ்ச மண்ணு எப்படி வெடிக்கும்? ஈரமாப் போட்டாத்தானே வெடிக்கும்! இந்தப் பாவி காயவச்சுக் கொண்டுவந்திருக்கா!”

நான் நிஷ்காவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

“இன்னொரு தடவை சத்தமாச் சொல்லு. என் மக காதுல விழல” என்றேன்.

 தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவனுக்கே புரிந்தது.

“அப்போ சாவ்கியோடது?” என்று கேட்டேன். “அவளையும் கல்லு மேல வச்சு ரசிச்சியா?”

அவன் தன் விரல்களைப் பார்த்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. சாவ்கியின் அம்மா எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவும் இல்லை, அவனை அடிக்கவும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றுக்குப் போனாள். கை நிறைய மண்ணோடு வந்தாள். முழங்கை வரை தண்ணீர் வழிய, தலையும் வயிறும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு உருவத்தைப் பிடித்து, நிஷ்காவின் பெயரைச் சொல்லி எறிந்தாள்.

படாரென்று வெடித்தது. ஒரு சில்லு பறந்து தோர்பாவின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உர்தன் நிஷ்காவின் மூட்டையை எடுத்துத் தோர்பாவின் முதுகில் ஏற்றிவிட்டு, “இனிமே மண்ணைத் தொட்டா கையை எடுத்துடுவேன்” என்றார்.

கிளம்பும்போது அவன் மட்டும் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தால், சாம்பலுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான். தன் அழகியைத் தேடுகிறானாம்! ஓடிப்போய் அவன் கையிலிருந்து அவளைப் பிடுங்கினேன். முகமில்லாத தலை, இடுப்பில் அந்தக் கீறல். அவளைச் சாம்பலிலேயே போட்டுக் காலால் மூடினேன்.

“அண்ணி, பாவம் அண்ணி அவ” என்றான்.

“யாராவது ஒருத்தியை இங்க விட்டுட்டுத்தான் போவேன்னு நின்னியே, இவளை விட்டுட்டு வா. இவளுக்குப் பசிக்காது.”

நிஷ்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.