கதவைச் சாத்தவில்லை

பாட்டு தொடங்கி வயலின்கள் ஒருசேர எழும்பியதும் அவர், "சனியனே!" என்றார்.

அறையில் இருந்த மூன்று பேரில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்திதான். "எவ்வளவு தெளிவா வந்துச்சு பாத்தீங்களா ஆன்ட்டி!" என்றாள். அவர் மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனபிறகு அவரிடம் மிஞ்சியவை இரண்டே வார்த்தைகள். ஒன்று 'ஆமா'. டீ வேணுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. இன்னொன்று இந்தச் சனியனே. லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுசு முழுக்கத் துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியவருக்கு அது மட்டும் எப்படியோ தப்பி நின்றுவிட்டது. டாக்டரைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னபோதுகூட அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்டா?

"பேச முடியாத சில பேருக்குப் பாட வரும் ஆன்ட்டி. அவருக்கு உயிரான பாட்டு ஒண்ணு சொல்லுங்க" என்று அந்தப் பெண் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கல்யாண வரவேற்பில் கச்சேரிக்காரரின் மைக்கைப் பிடுங்கி, சுருதியைப் பற்றித் துளியும் கவலைப்படாமல் அவர் பாடிய பாட்டு அது. 'கதவைச் சாத்தவில்லை, நீ வா' என்று பல்லவி முடியும். அப்போது அதைப் பாடாத வாயே கிடையாது. அதற்கப்புறமும் யார் விட்டார்கள்? கிழவர்களும் பாடினார்கள், நேற்று முளைத்த பையன்களும் பாடினார்கள். டிரம்ஸைப் போட்டு அடித்துத் துவைத்து அதை ஆட்டப் பாட்டாக்கினார்கள். ஒரு பெயின்ட் விளம்பரத்தில் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டே குடும்பமாகப் பாடினார்கள். அவர் பழுதுபார்த்த லிஃப்டுகளில் அது வார்த்தையே இல்லாமல் புல்லாங்குழலில் ஓடியது. "மேல போய்க் கீழ வர்றதுக்குள்ள மனுஷனுக்குக் காதலே வெறுத்துடும்" என்று வீட்டுக்கு வந்து திட்டுவார். யார் எப்படிப் பாடினால் என்ன, பாட்டு தங்களுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் துணி ஆல்டரேஷன் கடையில் ரேடியோவில் அது வந்தால், பேன்ட்டுக்கு விளிம்பு மடித்தபடி, சொந்தக்காரர் யாரோ வாசலில் தலைகாட்டிய மாதிரி ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள்.

"வேற யாராவது பாடினதைப் போட்டுப் பாக்கலாம்" என்று அந்தப் பெண் செல்போனைத் துழாவினாள். ஆட்டப் பாட்டுக்கு அவருடைய இடது கால் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். குழந்தைகள் கும்பலாகப் பாடியதற்குக் கொட்டாவி விட்டார். பியானோவுக்குத் தூங்கியே விட்டார். கடைசியாக ஒன்றைப் போட்டாள். ஒற்றை கிதார், அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தவளைப்போல ஒரு பெண்குரல். அவர் கண்ணைத் திறந்தார். நாற்காலிக் கையில் இடது விரல்கள் தாளம் போடத் தொடங்கின. பிறகு வாயைத் திறந்து பாடினார். முனகலாக இல்லை, வார்த்தை வார்த்தையாக. 'தெரு அடங்கியது' என்றார், 'விளக்கு எரிகிறது' என்றார். எங்கே இருந்தன இத்தனை வார்த்தைகளும்? சுருதி அன்றுபோலவே தாறுமாறு. அவள் அழுதுகொண்டே அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பல்லவி வந்தது. அவர் அந்தப் பெண்குரலோடு சேர்ந்து பாடினார்: "கதவைச் சாத்தவில்லை, நீ போ."

அவள் கண்ணைத் துடைத்தாள். "போன்னா பாடினாரு?"

"இவங்க அப்படித்தான் ஆன்ட்டி, கடைசித் தடவை மட்டும் மாத்திடுவாங்க. எனக்கு இந்த வெர்ஷன்தான் ரொம்பப் பிடிக்கும்."

அவள் இந்தக் குரலை இதற்குமுன் கேட்டதே இல்லை. அவரோ மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள். "அந்தப் பாட்டை எங்க கேட்டீங்க?"

"ஆமா."

"யாராவது பொம்பளை போட்டுக் காட்டினாளா?"

"ஆமா."

"அப்ப இருக்கா ஒருத்தி?"

"ஆமா."

"யாருமே இல்லையா?"

"ஆமா."

உலகத்திலேயே இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட புருஷன் வேறு எவனும் இருக்கமாட்டான். ஆனால் ஒவ்வொரு ஆமாவுக்கும் முன்னால் அவர் வாய் வேறு எதற்கோ தயாராவதையும், நாக்கு வழுக்கி மறுபடி அதே பள்ளத்தில் விழுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அவர் இடது கையால் மேஜையை ஓங்கி அறைந்து, "சனியனே" என்றார். அவளை இல்லை, தன் வாயை. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு கம்பெனி வேனில் கூட்டாளியாகச் சுற்றியவன் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தான். எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ கொடுக்கும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல, அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

"அய்யோ அண்ணி, அதை ஏன் ஞாபகப்படுத்துறீங்க! ஒரு வருஷம் பூரா வேன்ல அந்தக் கேசட்டுதான். தேஞ்சே போச்சு. யாராவது செத்துட்டாங்களாண்ணேன்னு கேட்டேன். பேசாம ஓட்டுடான்னாரு."

"எந்த வருஷம்?"

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்புச்சே, அந்த வருஷம். மழை முடிஞ்ச சமயம் ஒருநாள் அவரே கேசட்டை உருவி வெளிய வீசிட்டாரு. கேட்டா, போதும்டான்னாரு. அண்ணன் கதைதான் உங்களுக்குத் தெரியுமே, வாயைத் திறந்து எதைச் சொல்லியிருக்காரு?"

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அந்த வருஷம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கடையில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பையை மறைத்து வைத்திருந்த வருஷம். வேறொரு ஊரில் வேலையும், சிநேகிதியோடு தங்க ஓர் அறையும் பேசி முடித்திருந்தாள். பெரிய காரணம் என்று ஒன்றும் இல்லை. அவர் குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு அந்நியர்கள் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, எப்போது கதவு திறக்கும் என்று ஒரே வீட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். தினமும் ஒரு புடவை, ஒரு துண்டு என்று அலமாரியிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. அதுகூட இந்த மனுஷன் கண்ணில் படவில்லையே என்பதுதான் அவளைப் போகத் தூண்டிய கோபங்களில் பெரியது. பிறகு மழை முடிந்த ஒரு நாள், ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாமல், பையை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் அடுக்கினாள். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஸ்பேனர் போனதும் அவர் எதிரில் போய் நின்றாள். "நான் கெளம்பறதா இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

தெரியும் என்கிறாரா, டீ வேணுமா என்றதற்குச் சொல்வாரே அதுதானா? அந்தக் கண்களில் எதையோ தேடிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பயிற்சிக்குக் கூடப் பாட ஆள் வேண்டும் என்பதால் அவளும் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டாள். கடைசி வரியில் அவள் பழக்கதோஷத்தில் 'வா' என்பாள், அவர் 'போ' என்பார். இரண்டும் மோதிக்கொள்ள, பயிற்சிப் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்து அதே மெட்டில் வேறு வார்த்தைகளை வைத்தார்கள். இடது கையால் தாளம் தட்டிக்கொண்டு, 'குடிக்கத் தண்ணி வேணும், நீ தா'. பிறகு, 'முதுகு அரிக்குது, இங்க வா'. மெட்டைப் பிடித்துக்கொண்டு வார்த்தைகள் தட்டுத்தடுமாறி வரத் தொடங்கின. "நீங்களா சொல்லிக் குடுத்துடாதீங்க ஆன்ட்டி. அவரு தேடட்டும், நீங்க மெட்டை மட்டும் முனகுங்க" என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே அவர் விரல்கள் நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தன. தண்ணீர்தான் கேட்கப் போகிறார் என்று அவள் செம்பை எட்டி எடுத்தாள்.

"நீ..." என்று பாடினார். கிதார்காரி நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஏன்..."

அவள் செம்பை வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டும் விரல்களுக்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டினாள்.

"போ..." என்றார்.

மெட்டு இன்னும் முடியவில்லை. போகப் பாத்தே என்றா, போகலை என்றா? அவர் உதடுகள் குவிந்தபடியே நின்றன. விரல்கள் அவள் உள்ளங்கையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, மெட்டை மட்டும் முனகினாள்.