போண்டாவின் வாலும் மங்களம் பார்த்த ஜோடியும்

கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி அனுஷாவின் கைப்பையில் இருந்தது. உள்ளே இரண்டு பல்லிகளும் உயிரோடு இருந்தன. ஆனால் ஒரு வால் மட்டும், சொந்தக்காரனைப் பற்றிக் கவலையே இல்லாமல், மணலில் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அனுஷா காபி போடப் போய்த் திரும்புவதற்குள் நடந்த அநியாயம்.

வால் போண்டாவுடையது. போண்டா ஒரு லெப்பர்ட் கெக்கோ, அதாவது உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி. அதன் துணை பஜ்ஜி எதிர் மூலையில், உலக அமைதிக்குப் பரிசு வாங்கியதுபோல் கண்மூடிக் கிடந்தது.

சந்தாபுரா அடுக்ககத்தின் அந்த வீட்டில் விசாரணை உடனே தொடங்கியது. கணவன் கவின் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவன். வீட்டில் பால் பொங்கினாலும் மீட்டிங் போடுவான்.

"ரூட் காஸ் என்னன்னு பாக்கணும் அனு. நேத்து நீதானே கையில வச்சுக் கொஞ்சிட்டிருந்தே?"

"நேத்து கொஞ்சினதுக்கு இன்னிக்கா வால் விழும்?"

"டிலேயா ரியாக்ட் பண்ணியிருக்கலாம்."

வாலாஜாவிலிருந்து வந்திருந்த மாமியார் மங்களத்துக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. சுவரில் இலவசமாகத் திரியும் பல்லி சத்தம் கொடுத்தாலே தரையைத் தட்டி ஆமோதிக்கிறவர். காசு கொடுத்து வாங்கிய பல்லி சகுனம் சொன்னால் விடுவாரா?

"ஞாயித்துக்கிழமை ஓசூர்லேர்ந்து உன் நாத்தனாரைப் பொண்ணு பாக்க வராங்க. நடுவீட்ல வால் அறுந்த பல்லியை உக்கார வைப்பியா? அதுக்குள்ள கடையில குடுத்துடு."

"அத்தை, அதுக்கு அடிபட்டிருக்கு."

"அதான் சொல்றேன். அபசகுனம். இந்தா, போறதுக்கு முன்னாடி இந்த மஞ்சளையாவது வை, ஆறட்டும்."

மஞ்சள் கிண்ணத்தை அனுஷா மெல்லப் பிடுங்கி வைத்தாள். வீட்டை விட்டுத் துரத்துகிறவர்கள் வைத்தியமும் பார்க்கும் கருணை அவளை உருக்கிவிட்டது.

ரத்தம் பெரிதாக வரவில்லை. வராது. பல்லியின் வால் எலும்பில், கிழிக்கும் இடம் குறித்த சீட்டுப்போல, உடைவதற்கென்றே கோடுகள் உண்டு. ஆபத்து வந்தால் தசையை இறுக்கி அந்தக் கோட்டில் அதுவே உடைத்துக்கொள்ளும். ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி மூடிக்கொள்ளும். கழன்ற வால் துள்ளித் துள்ளி எதிரியை வேடிக்கை பார்க்க வைக்கும். உடம்பு தப்பிவிடும். ஆனால் கெக்கோ தன் கொழுப்பையெல்லாம் வாலில்தான் சேமிக்கும். வாலை விடுவது பி.எஃப். பணம் மொத்தத்தையும் திருடன்மேல் எறிந்துவிட்டு ஓடுவதுபோல. சும்மா யாரும் செய்யமாட்டார்கள்.

அப்படியானால் போண்டா யாரைப் பார்த்துப் பயந்தது? அனுஷாவுக்கு மாமியாரின் சாம்பிராணிப் புகைமேல் சந்தேகம் இருந்தது. ஆனால் அதை வெளியே சொல்வதைவிட அவளே வாலை விட்டுவிட்டு ஓடலாம்.

வாங்கியபோதே ஏதாவது நோய் இருந்திருக்குமோ? இல்லை. போண்டாவைக் குட்டியாக இருக்கும்போதே அவள்தான் பார்த்துப் பார்த்து எடுத்தாள். வால் கொழுகொழுவென்று இருந்தது. கண் தெளிவாக, முழுதாகத் திறந்திருந்தது. இடுப்பெலும்பு துருத்தவில்லை. விரல்களில் உரிந்த தோல் ஒட்டியிருக்கவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருந்தது. புழுவைக் காட்டியதும் தலையைத் திருப்பிப் பாய்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பஜ்ஜியை எடுத்தது, அப்போதும் ஊரிலிருந்து வந்திருந்த மங்களம்.

"ஒத்தையா வாங்கிட்டுப் போகக் கூடாது. ஜோடியா குடுப்பா," என்றார் அன்று. கடைக்கார வெங்கிக்கு அதைவிட இனிய சங்கீதம் வேறு என்ன?

"ஜோடி தும்பா சென்னாகிருத்தம்மா, ரொம்ப நல்லா இருக்கும்! இது கேர்ள்தான், நூறு பர்சென்ட்," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி, குட்டியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பொட்டலம் கட்டினான். மங்களம் வீட்டுக்கு வந்து பெட்டிக்குக் குங்குமமும் வைத்தார். புருஷன் பெண்சாதி என்று ஊரறிய ஆனபின் பஜ்ஜிமேல் யார் சந்தேகப்படுவார்கள்?

அறுந்த இடத்தில் மணல் ஒட்டாமலிருக்க, அனுஷா போண்டாவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றித் தூக்கினாள். டப்பா கண்ணாடிபோல் தெளிவு. அடியிலிருந்து பார்த்தபோது பின்கால்களுக்கு நடுவே, அம்புமுனைபோல் வளைந்து நின்ற புள்ளி வரிசை தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு புடைப்புகள். வளர்ந்த ஆணின் அடையாளம். சரிதான், மாப்பிள்ளை.

பிறகு பஜ்ஜியை இன்னொரு டப்பாவில் விட்டு, அதே மாதிரி தூக்கினாள். அதே அம்புமுனை. அதே இரண்டு புடைப்புகள்.

"அத்தை, கொஞ்சம் வாங்க. உங்க மருமகளைப் பாருங்க."

மங்களம் கண்ணாடி போட்டுக்கொண்டு கீழிருந்து பார்த்தார். போண்டாவைப் பார்த்தார். மறுபடி பஜ்ஜியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஆம்பளையா?"

"ஆமா. குட்டியா இருந்தப்போ சும்மா இருந்துச்சுங்க. இப்போ வயசுக்கு வந்துட்டு இடத்துக்கு அடிச்சுக்குதுங்க. கடிச்சது இந்த பஜ்ஜிதான், மூக்குல கீறல் பாருங்க."

"அப்ப சகுனம்?"

"சகுனமெல்லாம் இல்லத்தை. ஒரே ரூம்ல ரெண்டு மாப்பிள்ளை."

மங்களம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். தான் பார்த்து முடித்த ஜோடி இப்படி ஆனதை ஓசூர்க்காரர்கள்முன் யாராவது உளறினால் என்னாவது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"சரி, கடைக்கெல்லாம் வேணாம். இருந்துட்டுப் போவட்டும். ஜோடின்னு நான் சொன்னதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

கவின் உள்ளே வந்தான். "ரூட் காஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. உங்கம்மா," என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கி, "இன்னொரு பெட்டி வாங்கிட்டு வா," என்றாள் அனுஷா.

அன்று மாலையே ஆளுக்கொரு பெட்டி ஆனது. ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் அட்டை வைத்தாள். போண்டாவின் பெட்டியில் மணலை அள்ளி எடுத்துவிட்டு, சமையலறை டிஷ்யூ தாளை விரித்து, அழுக்கானதும் மாற்றினாள். ஒரு பக்கம் கதகதப்பு, மறுபக்கம் நிழல், சுத்தமான தண்ணீர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் புழு. தின்னாமல் விட்ட பூச்சிகளை வெளியே எடுத்தாள். மஞ்சள் இல்லை, மருந்து இல்லை, கையில் எடுத்துக் கொஞ்சலும் இல்லை. காயம் வீங்கினாலோ நாறினாலோ மட்டும் விலங்கு மருத்துவர். வீங்கவும் இல்லை, நாறவும் இல்லை. காயம் காய்ந்தது. சில வாரங்களில், உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்போடு, புள்ளி மாறி, முள்ளங்கிபோல் குட்டையான புது வால் முளைத்தது.