சைப்ரஸ் வேலி

முதல் மரம் நடைபாதையில் போய் விழுந்ததும் டோனா இரண்டாவது மரத்தின் அடியில் ரம்பத்தை வைத்தாள். இறுதிச் சடங்குக்கென்று உடுத்திய கறுப்புப் பாவாடைக்கு மேல் அம்மாவின் பழைய தோட்டத்துக் கோட்டைப் போட்டிருந்தாள். சவ வண்டி வருவதற்குள் வாசல் பக்கத்து வேலி முழுவதையும் சாய்த்துவிட வேண்டும். மோட்டார் ரம்பத்தின் இரைச்சல் தெருவையே உலுக்கியது. கேட்கட்டும் என்றுதான் அவளும் அறுத்தாள்.

நாட்டிங்காமின் ஓரத்தில், பேருந்து திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி இருந்தது அந்தத் தெரு. ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகள், இரண்டிரண்டாக முதுகு ஒட்டிப் பிறந்தவை மாதிரி, நடுவில் ஒரே சுவர். பேருந்து ஓட்டுகிறவன் சம்பளத்தையும் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள் சம்பளத்தையும் சேர்த்தால் அவ்வளவுதான் வாங்க முடியும். குடி வந்த வாரமே டோனாவின் அப்பா டெரன்ஸ் வாசலில் சைப்ரஸ் கன்றுகளை வரிசையாக நட்டான். டோனா வளர்ந்ததைவிட வேகமாக அவை வளர்ந்தன.

தெருவில் அவனுக்கு நல்ல பெயர். ஞாயிறு தவறாமல் காரைக் கழுவுவான். குப்பைத் தொட்டியை உரிய நாளில் வெளியே வைப்பான், பக்கத்து வீட்டாரின் தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து விடுவான். வேலிக்கு உள்ளே அவன் செய்தது வேறு. டோனாவின் அம்மா கிளெனிஸின் மணிக்கட்டு உடைந்திருக்கிறது, விலா உடைந்திருக்கிறது, ஒரு காது பாதிதான் கேட்கும். முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டான். முகம் கடைக்குப் போக வேண்டியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் டெரன்ஸ்தான், அழுததும் அவன்தான். தவறி விழுந்தாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். டோனா போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கிருந்த பெண் அதிகாரி ஒருத்தி நல்லவள். அன்றிரவு எதையாவது பார்த்ததாகவோ கேட்டதாகவோ யாராவது ஒருவர் வாய் திறந்தால் போதும், மறுபடி விசாரிக்கலாம் என்றாள். ஆனால் உடலை எரித்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. கிளெனிஸ் தன் தாயின் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாள். டெரன்ஸ் தகனத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான்.

பக்கத்து வீட்டாருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நடுச்சுவருக்கு அப்பால் நார்மன் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவன் மனைவி வெண்டி எந்தப் படிக்கட்டில் கால் வைக்கிறாள் என்பதுகூடத் தெரியும். சுவருக்கும் காதுண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு வாய்தான் கிடையாது. டெரன்ஸ் அடிக்கிற இரவுகளில் நார்மன் ஷூவை எடுத்துச் சுவரில் டொக் டொக்கென்று தட்டுவான். உடனே சத்தம் குறையும், அடி குறையாது. அம்மா தலையணையை வாயில் வைத்துக்கொள்வாள்.

இதே நார்மன் வேலிக்காக மட்டும் சிங்கம் மாதிரி சண்டை போட்டான். தன் முன்னறைக்கு வெயில் வரவில்லை என்று நகராட்சிக்குக் கடிதமாக எழுதித் தள்ளினான். டெரன்ஸ் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு போனபோது போலீஸையே வரவழைத்தான். அடுத்த வருடம் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் அவர்கள் மரத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிளெனிஸ் கையில் கட்டுடன் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அம்மா இறந்த பிறகு விசாரிக்க வந்தவர்களிடம் நார்மன் வாசலிலேயே நின்று, நாங்கள் உண்டு எங்கள் வேலை உண்டு என்று இருப்பவர்கள் என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் வெண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை டோனா கவனித்தாள்.

கடைசி மரமும் விழுந்தது. வாசல் மொட்டையாகத் தெருவைப் பார்த்தது. இதற்காகத்தான் டோனா காத்திருந்தாள். சவ வண்டியைப் பார்க்கத் தெருவே ஜன்னலில் நிற்கும். நாற்பது வருடம் வேலிக்குள் நடந்தது ஒரே ஒரு தடவை வெளிச்சத்தில் நடக்கட்டும். ரம்பத்தை அணைத்தாள். அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்தில், கொஞ்சம் கவனமாகவே, அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

டெரன்ஸ் வெளியே வந்தான். கறுப்பு உடை, கறுப்பு டை, காலையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஷூ. வெட்டுண்ட அடிமரங்களைப் பார்த்தான்.

"என்னடி காரியம் பண்ணி வச்சிருக்கே?"

"வெளிச்சம் வரட்டும்பா. அம்மாவைப் படியிலேர்ந்து தள்ளினவன் எப்படி இருப்பான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவன் உடனே கை ஓங்கவில்லை. முதலில் தெருவைப் பார்த்தான், எதிர்வரிசையை ஒவ்வொரு வீடாக. பிறகு அவன் முகம் தளர்ந்து, கிட்டத்தட்டச் சிரித்தது. டோனாவும் திரும்பிப் பார்த்தாள்.

எல்லா ஜன்னலிலும் திரை மூடியிருந்தது. தெருவில் சாவு விழுந்தால் பிணம் போகும்வரை வாசல் பக்கத்துத் திரையை இழுத்து மூடிவைப்பது மரியாதை. பழைய ஆட்கள் வாழும் தெரு, ஒரு வீடு தவறவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கத்தை எப்படி மறந்தாள்? அம்மா எத்தனை பேருக்காக எழுந்துபோய் அந்தத் திரையை மூடியிருக்கிறாள்!

முதல் அடி வாயில் விழுந்தது. நாற்பது வருடமாக முகத்துக்கு வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அடித்தான். அவள் விழுமுன்பே கூந்தலைப் பிடித்து இழுத்து, வாசல் தூணில் நெற்றியை மோதினான். கீழே கிடந்தவளின் விலாவில் மெருகிட்ட ஷூ இறங்கியது, மறுபடி இறங்கியது. அவள் கத்தினாள். முழங்காலை அவள் மார்பில் ஊன்றி, வெட்டிப்போட்ட கிளைகளுக்குள் அவள் தலையை அமுக்கிக் கழுத்தை நெரித்தான். பச்சை வாசனை மூக்கை அடைத்தது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. இவ்வளவு பக்கத்தில் அம்மாவும் இந்த முகத்தைப் பார்த்திருப்பாள் என்று டோனா நினைத்தாள். செத்துப்போவோம் என்றும் நினைத்தாள்.

டொக், டொக்.

பழக்கதோஷம், அவன் கை தானாகத் தளர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு எப்போதும் அடங்கித்தான் பழக்கம். ஆனால் இது சுவரில் தட்டிய சத்தம் இல்லை, கண்ணாடியில் தட்டியது. பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை விலகியிருந்தது. கையில் ஷூவுடன் வெண்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த முன்னறையில், கம்பளத்தின்மேலும் நாற்காலியின்மேலும் வெயில் கொட்டிக் கிடந்தது.

அவள் வெளியே வந்தாள். கறுப்பு உடை, காலில் வீட்டுச் செருப்பு. நார்மன் வாசலில் நின்று அவள் கையைப் பிடித்தான்.

"உள்ள வா வெண்டி. நமக்கெதுக்கு?"

அவள் கையை உதறிக்கொண்டு டெரன்ஸின் எதிரில் வந்து நின்றாள். அவன் தோள் உயரம்கூட இல்லை.

"அன்னைக்கு அவ கத்தினது உன் பேரை இல்ல டெரன்ஸ். என் பேரை. வெண்டி, வெண்டின்னு மூணு தடவை கூப்பிட்டா. இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் பின்னல் வேலையைக் கீழகூட வைக்கல."

டெரன்ஸ் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்குள் தெருமுனையில் சவ வண்டி திரும்பிவிட்டது. உயரமான கறுப்புத் தொப்பியும் கையில் கோலுமாக, இறுதிச் சடங்கு நடத்துகிறவர் அதற்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். டெரன்ஸ் டையைச் சரிசெய்தான். கோட்டில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டு, சவ வண்டிக்குப் பின்னால் வந்து நின்ற குடும்பத்தாருக்கான காரில் ஏறி உட்கார்ந்தான்.

"ஏறுடி. நேரமாச்சு."

தொப்பிக்காரர் டோனாவின் வாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தான் காரில் வரவில்லை, அம்மாவுடன் நடந்து வருவதாக டோனா சொன்னாள். பேசும்போது ஒரு பல் ஆடியது. அவர் தலையசைத்துக் கார்க் கதவைச் சாத்தினார்.

வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி, இந்தப் பக்கம் டோனா. விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தவளின் இன்னொரு கைக்குள் வெண்டியின் கை வந்து நுழைந்தது.

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்க மாட்டேன் கண்ணு."

"வேண்டாம். போன் இருக்கா?"

வெண்டி தன் உடையின் பையிலிருந்து எடுத்து, கண்ணுக்கு அருகே வைத்து எண்களை அழுத்தினாள். இரண்டு பக்கமும் திரைகள் மூடியே கிடந்தன. பின்னால் வந்த காரில் டெரன்ஸ் என்னவோ சொல்லி முன்னிருக்கையைக் குத்துவது கேட்டது. வெண்டி தன் பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், பக்கத்து வீட்டு எண்ணைச் சொன்னாள்.

"ஆமாம்மா, அதே வீடுதான்," என்றாள். "இல்ல. இந்தத் தடவை வேலி விஷயம் இல்ல."

முன்னால் நடந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கோலை லேசாக உயர்த்தினார். சவ வண்டி நின்றது.