பனி பார்க்கும் அறை

காலை உணவுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு விடுதிக்காரி மிசாவோ மண்டியிட்டு, பக்கவாட்டில் நகரும் அறையின் மரக் கதவைத் தள்ளினாள். நகரவில்லை. இன்னொரு முறை தள்ளியபோது தலைக்கு மேலே மரம் முனகியது. நிமிர்ந்து பார்த்தாள். மேல்சட்டம் நடுவில் தொய்ந்து கதவின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கதவில் ஒட்டிய காகிதம் மேல் ஓரத்தில் சுருங்கிக் கிழிந்துகொண்டிருந்தது.

அந்த மலை ஊரில் கதவு இறுகினால் கூரை இறங்குகிறது என்று அர்த்தம். வாரக்கணக்கில் விழுந்த பனி கூரைமேல் கிடந்தது. அதன்மேல் இரவெல்லாம் மழை வேறு பெய்து கனம் ஏறியிருந்தது. சாலை அடைபட்டதால் கூரைப் பனி தள்ளும் ஆட்களும் வரவில்லை.

விடுதியிலேயே பெயர் பெற்ற அறை அது. மிசாவோவின் கணவன் தோகுஜி தச்சன். வயல் மண்ணில் வைக்கோல் கலந்து புளிக்கவைத்துச் சுவர் எழுப்பியது, பட்டை உரிக்காத கோணல் பைன் தூணைத் தேடிப் பிடித்து அலங்கார மாடத்தில் நிறுத்தியது எல்லாம் அவன்தான். மரத்துக்கு எண்ணெய்கூடப் பூசவில்லை, தானாக நரைக்கட்டும் என்று விட்டுவிட்டான். படுத்தபடியே பனியைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னல் நடுவில் இருந்த பழைய தூணையும் எடுத்துவிட்டான். கூரை தாங்குமா என்று மிசாவோ அன்றைக்குக் கேட்டாள். இந்த வீட்டின் எலும்பெல்லாம் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டான்.

உள்ளே இருந்தவர்கள் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஷிமோதைராவும் அவர் மனைவி ஃபுகியும். கூரையிலிருந்து சரிந்த பனி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. வெளியேற அந்தக் கதவு ஒன்றுதான் வழி.

"அம்மா, கதவு சிக்கிக்கிச்சு. ஒரு உதை விட்டா வந்துடும்," என்றார் ஷிமோதைரா.

"உதைக்காதீங்க ஐயா. கையே வைக்காதீங்க. அந்தக் கதவுதான் இப்போ கூரையைத் தாங்குது."

உள்ளேயிருந்து ஃபுகியின் குரல் கேட்டது. "வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல. இங்க வந்து உதைக்கப் போறாராம்."

மிசாவோ ஓடினாள். குளியலறைக் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த தோகுஜி இறங்கி வந்து, கதவில் மெல்ல உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். முட்டுக் கொடுக்கும் கட்டைகள் கொட்டகையில் இருந்தன. கொட்டகை பனிக்கு அடியில் இருந்தது. பக்கத்து மண்சுவரை உடைக்கலாம் என்று சம்மட்டியை எடுத்தான். ஓங்கியவன் அப்படியே நின்றான். ஒவ்வொரு அடியும் மேலே உத்தரத்தில்தான் போய் அதிரும். கை தானாகக் கீழே இறங்கியது. மிசாவோ சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"மண்ணுதானேங்க. தண்ணி ஊத்தினா கரையாதா?" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "கரையும்."

விடுதிக்குப் பின்னால் இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சுவர் முதலில் கறுத்தது, பிறகு ஊறிப் பொதபொதத்துச் சரிந்தது. ஆவி பறக்கும் சேற்றை இருவரும் கையாலேயே வழித்துப் போட்டார்கள். உள்ளேயிருந்து ஃபுகி கணப்புச் சட்டியின் இடுக்கியால் தோண்டினாள். மேலே மரம் விட்டு விட்டு முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் எல்லோருடைய கையும் நின்றது. மூங்கில் பின்னல் தெரிந்ததும் தோகுஜி அரிவாளால் ஒவ்வொன்றாக அறுத்தான்.

ஃபுகி முதலில் ஊர்ந்து வெளியே வந்தாள். அடுத்து வந்த ஷிமோதைராவின் வயிறு துளையில் சிக்கிக்கொண்டது. அதே நேரம் கதவு மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

"மூச்சை விடுங்க ஐயா. முழுசா விடுங்க," என்றாள் மிசாவோ.

அதுவரை புருஷனைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்த ஃபுகி ஒன்றும் பேசாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிய, சேற்றில் வழுக்கிக்கொண்டு அவர் வெளியே வந்து விழுந்தார்.

உடனே தோகுஜி ரம்பமும் ஆப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். சமையலறைக்கும் அந்த அறைக்கும் ஒரே கூரை. இந்த உத்தரம் போனால் எல்லாம் போகும். மாடத்துக் கோணல் தூண் அழகுக்கு நின்றது, எதையும் தாங்கவில்லை. அதை அறுக்கத் தொடங்கினான். பின்னாலேயே மிசாவோவும் நுழைந்தாள்.

"வெளிய போ."

"தூணை யாரு பிடிக்கிறது?"

அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அறுத்த தூணை உத்தரத்துக்கு அடியில் நிறுத்தினார்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். பட்டை கன்னத்தைக் கீறியது. அவன் ஆப்பைச் செருகி, மெல்ல மெல்லத் தட்டி இறுக்கினான். தலைமேல் தூசி கொட்டியது. இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒன்று. முனகல் நின்றது.

மதியம் பனி அள்ளும் வண்டி வந்து சேர்ந்தது. ஊர் ஆட்கள் கூரையில் ஏறினார்கள். சமையலறையில் விருந்தினர்களுக்குச் சூடான சூப் கொடுத்திருந்தாள் மிசாவோ. தோகுஜி அவர்கள் எதிரே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"அங்க ஒரு தூண் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

ஷிமோதைரா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மலைப்பாதையில பஸ் ஓட்டினவன் நான். பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே வண்டிய எடுக்கிறவனை நாங்க மன்னிக்கிறதில்ல. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அழகா இருக்கும்னு எடுத்தேன்."

மிசாவோ அவன் பக்கத்தில் வந்து தானும் குனிந்தாள். தாங்குமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னாள். அறைக்குப் பெயர் வந்தது தனக்கும் பிடித்திருந்தது என்றாள்.

ஷிமோதைரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபுகிதான் எழுந்து வந்தாள்.

"போதும், எந்திரிங்க. ரெண்டு பேர் கையும் வெந்து கிடக்கு, பாருங்க."

அப்போதுதான் அவர்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வருவோம் என்று சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க மிசாவோவும் தோகுஜியும் விடுதியை மூடிவைத்தார்கள். முன்பதிவு செய்திருந்த ஒவ்வொருவரையும் மிசாவோ தொலைபேசியில் அழைத்தாள். பனியால் மூடியிருக்கிறோம் என்று அவள் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.