இன்னும் ஒரே ஒரு குத்து

"இன்னும் ஒரே ஒரு குத்துதான் சிஸ்டர். அதுலயும் நரம்பு கிடைக்கலன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்" என்றாள் அம்மாக்காரி. பள்ளி வேன் ஓட்டுபவள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். மடியில் நான்கு வயது மகள். மூன்று நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்கள் உள்ளே போயிருந்தன. வார்டில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்திப் பார்த்துக் கைவிரித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இப்போதே குளுக்கோஸ் ஏறியாக வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஸ்கேன் பார்த்து ஊசி ஏற்றும் நர்ஸ். திரையைப் பார்த்தே குத்துவதால் 'டிவி அக்கா' என்பது வார்டு வைத்த பட்டப்பெயர். எட்டு மாதமாக ஒரு குழந்தைக்கும் தவறியதில்லை. அந்தத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

முழங்கைக்குக் கீழே ஜெல் தடவி ஸ்கேன் முனையை வைத்தேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். துடிப்பது தமனி, அந்தப் பக்கமே போகக் கூடாது. துடிக்காததுதான் நமக்கு வேண்டிய நரம்பு. ஊசியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் துடிக்காத வட்டத்தைக் காணோம். முனையை நகர்த்தினேன், வந்தது. உற்றுப் பார்த்தேன், போய்விட்டது. இன்னும் அழுத்தித் தேடினேன். சாம்பல் நிறம்தான் மிச்சம். முதலில் பார்த்தது நிஜம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அம்மாக்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

"நீங்க அமுக்கும்போதுதான் சிஸ்டர் அது காணாமப் போகுது."

சுருக்கென்றது. எனக்கே பாடமா? ஆனாலும் கையைத் தளர்த்தினேன். வட்டம் மெல்லத் திறந்தது. தண்ணீர் வற்றிய உடம்பில் என் கைக்கனத்தையே அந்த நரம்பு தாங்கவில்லை. நான்தான் நசுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஜெல்லின் மேல் முனை பட்டும் படாமலும் நிற்க, குத்தினேன். பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளியாக ஊசி தெரிந்தது, ஆனால் ரத்தம் வரவில்லை. திரை உள்ளே என்கிறது, ஊசி இல்லை என்கிறது. யாரை நம்புவது? ஒரு மயிரிழை தள்ளினேன். ஒரு சொட்டு எட்டிப் பார்த்து நின்றுவிட்டது. டேப் ஒட்டி, குழாயை மாட்டித் திறந்துவிட்டேன்.

"ஏறுதா?"

"ஏறுதும்மா."

சொல்லிவிட்டேனே தவிர எனக்குத் தெரியவில்லை. வெளியே கசிந்தால் ஊசி போட்ட இடம் வீங்கும். வீங்கியிருக்கிறதா, ஏற்கெனவே அப்படித்தான் இருந்ததா? தடவித் தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே முனகினாள்.

"அம்மா... ஜில்லுன்னு இருக்கு."

ஊசி போட்ட இடத்திலேயே ஜில்லென்றிருந்தால் கசிகிறது என்று அர்த்தம். கை நெடுக மேலே ஏறினால் நரம்புக்குள் போகிறது.

"எங்கடா கண்ணு? அக்காவுக்குக் காட்டு."

அவள் யோசித்தாள். மறு கையின் சின்ன விரல் டேப்பின் மேல் வந்து நின்றது. குழாயை மூட என் கை போனது. பிறகு அந்த விரல் ஜெல்லில் கோடு இழுத்துக்கொண்டு முழங்கையைத் தாண்டி, தோளைப் பார்த்து ஏற ஆரம்பித்தது.