பின் இடது சக்கரம்

மந்தைவெளியில் பவுல்சாமியின் கொட்டகைக்கு அந்தக் கார் மறுபடி வந்தபோது நிறம் மாறியிருந்தது. அப்போது கறுப்பு, இப்போது பச்சை. பெயிண்ட் யாரை ஏமாற்றும்? பின் இடது மட்கார்டில் ஓர் ஒட்டு இருந்தது. எவனோ கைவராதவன் பற்றவைத்த ஒட்டு. அது எங்கே பட்ட அடி என்று பவுல்சாமிக்குத் தெரியும்.

வண்டியின் சொந்தக்காரர் சுப்பராமன், தியாகராய நகர். யுத்தத்தின்போது, நாற்பத்தி இரண்டில் கொண்டுவந்ததும் அவர்தான்.

"அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடு, பவுல்சாமி. வண்டி தரையோட ஒட்டி இருக்கணும். சக்கரம் மட்கார்டு விளிம்போட சமமா நிக்கணும். தையில கல்யாணம். அவளை இதுலதான் அழைச்சிண்டு வரப்போறேன்."

"யாருக்கு சார் கல்யாணம்?"

"எனக்குத்தான்." அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "ஆத்துல விடமாட்டேங்கறா."

பவுல்சாமி சரி என்றுவிட்டான். முடியாது என்றால் காரணம் சொல்லவேண்டி வரும்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் பட்டைகளில் இரண்டை உருவினால் வண்டி தாழும். சக்கரத்துக்கு உள்பக்கம் தடித்த இரும்பு வளையம் கொடுத்தால் சக்கரம் வெளியே தள்ளி, மட்கார்டு விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதுவும் வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும்போது. காலி வண்டியில் அளக்கிறவன் மடையன். மூட்டை வைத்து அளப்பதும் பவுல்சாமிக்குப் பிடிக்காது. மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். மனுஷன் அசைவான், சாய்வான், சிரிப்பான். தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டு ஏற்றி, வண்டியை ஆட்டிவிட்டு அளப்பதுதான் அவன் வழக்கம்.

நாற்பத்தி இரண்டு ஏப்ரலில் அந்த நாலு பேர் கிடைக்கவில்லை. வண்டி பாதி வேலையில் நிற்கும்போது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு கிளம்பி, ஊரே காலியாகிவிட்டது. தெருவில் நாய்தான் இருந்தது. சுப்பராமன் வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினார். பெண்டாட்டியைக் கும்பகோணத்தில் கொண்டுபோய் விட வேண்டுமாம். பவுல்சாமி காலி வண்டியில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டும் நுழைந்தன. போகலாம் என்றான்.

செங்கல்பட்டு தாண்டி டயர் வெடித்தது. பின்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி விசாலாக்ஷி மட்டும் செத்துப்போனாள். சண்டைக்காலத்து டயர், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பாரத்தில் விளிம்பு இறங்கி டயரை அறுத்தது பவுல்சாமிக்குத் தெரியும். ஐந்து வருஷமாக சாந்தோம் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வேறு பாவங்களைச் சொல்லிவிட்டு வருகிறான்.

இப்போது பட்டையை உருவி வண்டியை இறக்கினால், பின் இடது பக்கம் மட்டும் ஒரு விரல் அதிகமாகத் தாழ்ந்து நின்றது. வலது ஸ்பிரிங்கை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் போட்டான். அப்போதும் இடதுதான். தரை கோணலோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இடதுதான்.

ஆள் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று, ரிக்‌ஷா இழுக்கிற சின்னப்பையனையும் மீன்காரி தேவானையையும் கூப்பிட்டான்.

சின்னப்பையன் முன்னால் ஏறிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "தெனம் நான் இஸ்துகினு போறேன். இன்னிக்கு என்னை எவனாவது இஸ்துகினு போங்கடா."

"பேசாம குந்து. தேவானை, நீ பின்னால இடது பக்கம் ஏறு."

கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏறிய தேவானை, உட்காராமலே இறங்கிவிட்டாள்.

"ஆள் கீற எடத்துல என்னை எங்க குந்தச் சொல்றே?"

"மீனோட சேந்து உன் கண்ணும் கெட்டுப்போச்சா? யாரு கீறாங்க அங்க?" சின்னப்பையன் சிரித்தான்.

"நீ சிரி. எனக்கு முட்டி இடிக்குது. நவுந்துக்கோம்மான்னு சொல்ல வாயெடுத்துட்டேன்."

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். சின்னப்பையனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சவாரி இருக்கிறது என்று சொல்லி அவனும் நழுவினான்.

மத்தியானம் சுப்பராமன் வந்தார்.

"ஆயிடுத்தா?"

"ஆகல சார். ஆவாது." பவுல்சாமி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "அன்னிக்கு டயர் மேல தப்பு இல்ல. என் மேல. காலி வண்டில அளந்தேன். நீங்க ரெண்டு பேரும் மூட்டை முடிச்சோட ஏறினதும் மட்கார்டு இறங்கி டயரை அறுத்துடுச்சு. இத்தினி வருஷமா சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவர் அடிக்கவில்லை.

"அவ சொன்னா," என்றார். "தாம்பரத்துலயே சொன்னா. ரப்பர் கருகற வாசனை வரதுன்னா. ஏதோ உரசறதுன்னா. உனக்கென்ன தெரியும், பேசாம வாடீன்னேன். நான் நிறுத்தலை."

வண்டியின் பின் கதவைத் திறந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கனத்த உடம்பு.

"அள."

பவுல்சாமி மண்டியிட்டான். அத்தனை பாரம் ஏறியும் விளிம்பு மயிரிழைகூட இறங்கவில்லை.

"இறங்கித்தா?"

"இல்ல சார்."

அந்த இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக, யார் மடியிலும் இடிக்காதவர்போல, வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். வலது பக்கம் ஒரு விரல் தாழ்ந்தது. வண்டி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சமமாக நின்றது.

"கல்யாணத்துக்கு வேற வண்டி பாத்துக்கறேன்," என்றார், பக்கத்தில் பார்க்காமல். "இதைப் பழையபடி உசத்திடு."

பவுல்சாமி விரலை விட்டுப் பார்த்தான். வலது பக்கம் ஒன்றுதான் நுழைந்தது. இடது பக்கமும் ஒன்றுதான். ஆள் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு நுழைய வேண்டும். எழுந்து, உருவிப்போட்ட பட்டைகளை எடுத்துவரப் போனான்.