வீட்டில் இரண்டு புர்கி

இறந்தவரின் பெயர் என்ன என்று பிளாட்னர் கேட்டார். "நோட்புர்கா" என்றார் அப்பா. நோட்புர்கா அந்த நேரத்தில் அம்மாவின் தாடையை வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். தீரோல் மலைநாட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் யார் செத்தாலும் பெட்டியோடு வருகிறவர் பிளாட்னர். இழவு வீட்டில் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார். மடியில் இருந்த டாக்டர் சான்றிதழையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல செராஃபினான்னு போட்டிருக்கே, வின்ஸென்ஸ் அண்ணே."

"அது காகிதத்துல. ஊர்ல அவ நோட்புர்கா. புர்கின்னு சுருக்கிச் சொன்னாத்தான் நாலு பேருக்குத் தெரியும்."

"அப்பா, நோட்புர்கா நான்."

"நீயும்தான்" என்றார் அப்பா.

பிளாட்னர் பேனாவை மூடினார். கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் கோயில் கதவிலும், பால் சங்கத்திலும், சாராயக் கடை வாசலிலும் ஒட்டப்பட்டாக வேண்டும். அச்சகத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். "அஞ்சரைக்கு போன் பண்றேன். வீட்டுக்குள்ள பேசி ஒரு பேரா சொல்லுங்க" என்று எழுந்தவர், வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "செராஃபினா, அடைப்புக்குள்ள புர்கின்னு போடறதும் உண்டு. நிறையப் பேரு அப்படித்தான் போடுறாங்க."

"அடைப்பெல்லாம் வேண்டாம்" என்றாள் நோட்புர்கா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அப்பா கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். எண்பது வயது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். "செராஃபினான்னு ஒட்டிப் பாரு. எந்த வீட்டுக் கிழவியோ போயிட்டான்னு அவனவன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போயிடுவான். அடக்கத்துக்கு நீயும் நானும் பாதிரியாரும்தான் நிப்போம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிச்சல் மூட்டியது.

அறையில் அம்மாவும் தெக்லா அத்தையும் அவளும் மிஞ்சினார்கள். அப்பாவின் அக்கா தெக்லா. நோட்புர்காவின் ஞானத்தாய். எண்பத்து மூன்று வயதிலும் கை நடுங்காமல் அம்மாவின் தலைமுடியைச் சீவிப் பின்னிக்கொண்டிருந்தாள். மதிய மணி அடித்தபோது அம்மாவின் மூச்சு நின்றது. ஆன்மா வெளியே போகட்டும் என்று ஜன்னலை அப்போது திறந்துவிட்டதுதான். அக்டோபர் குளிரில் மூவருக்கும் விறைத்தாலும் யாரும் அதைச் சாத்தவில்லை.

அந்தப் பெயரால் நோட்புர்கா பட்ட பாடு கொஞ்சமா? 'நோட்' என்றால் ஆபத்து, 'புர்க்' என்றால் அரண். ஆபத்துக் காலத்து அரண் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எந்த மகராசனோ யோசித்துச் சேர்த்த பெயர். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. அவள் வகுப்புக்குள் நுழைந்தால், "ஆபத்து வருது, ஓடுங்கடா!" என்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். அந்தப் பெயர் கொண்ட புனிதையும் ராணியோ ராஜகுமாரியோ அல்ல, வேலைக்காரி. ஓய்வு மணி அடித்த பிறகும் அறுக்கச் சொன்ன பண்ணைக்காரனிடம் அரிவாளை ஆகாயத்தில் தொங்கவிட்டுக் காட்டியவள். அதனால் தீரோல் முழுக்க, பண்ணை வேலைக்கென்று பிறந்த பெண்களுக்கெல்லாம் அந்தப் பெயரை அள்ளி வைத்தார்கள். ஒரு காலத்தில் மலைச்சரிவில் நின்று "புர்கி!" என்று கூவினால் ஐந்து வீட்டு வாசலில் தலை தெரியும்.

பத்தொன்பது வயதில் இன்ஸ்ப்ரூக்குக்குப் போன அன்றே அவள் நோரா ஆகிவிட்டாள். இப்போது நாற்பத்தாறு. நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் எழுதுகிற வேலை. பதினோரு வருடத்தில் ஒரு பெண் குழந்தைக்குக்கூட அந்தப் பெயரை அவள் எழுதியதில்லை. ஜெஸிக்காக்களும் மெலானிகளும் வரிசையாக வந்து பிறந்தார்கள். நோட்புர்காக்கள் மாதம் ஒருத்தியாக இறப்பேட்டில் மட்டும் வந்தார்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும், தன் முறைக்கு யாரோ ஒத்திகை பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

"ஏம்மா எனக்கு வேலைக்காரி பேரை வச்சே?" என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இன்ஸ்ப்ரூக்கில் எல்லாரும் தன்னை நோரா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் வீம்பாக வந்து சொன்ன நாளில், அம்மா உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, "கேட்ட உடனே குடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். மகள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டாள்.

அம்மாவின் காகிதப் பெயர் செராஃபினா என்பது அவளுக்குத் தெரியாததல்ல. புர்கி என்பது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்திருந்தாள். போன வாரம்தான் சந்தேகம் வந்தது. ஊசி போட வந்த நர்ஸ் அட்டையைப் பார்த்து, "செராஃபினா, கையை நீட்டுங்க" என்றாள். மூன்று நாளாக யார் கூப்பிட்டும் கண் திறக்காத அம்மா சட்டென்று கண்ணைத் திறந்து, "இதோ வந்துட்டேன்" என்றாள். குரல் கிழவியின் குரலாகவே இல்லை.

"அத்தை, அம்மாவை ஏன் எல்லாரும் புர்கின்னு கூப்பிட்டீங்க?"

தெக்லா அத்தை சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். "இந்த வீட்டுல வேலைக்கு வர்ற பொண்ணு எவளா இருந்தாலும் அவ புர்கிதான். எங்கம்மா காலத்துல மட்டும் இல்ல, அவளோட மாமியார் காலத்துலயும் அப்படித்தான். பழைய புர்கி போவா, புது புர்கி வருவா. ஒவ்வொருத்தி பேரையும் யாரு ஞாபகம் வச்சுக்கிறது?"

"அம்மாவும் அப்படி வந்தவதானா?"

"பதினேழு வயசுல பிரென்னர் கணவாயைத் தாண்டி ஒரு துணி மூட்டையோட வந்தா. என் பேரு செராஃபினான்னா. எங்கம்மா சிரிச்சா பாரு! 'சாணி அள்ற கழுதைக்கு வானத்துச் சம்மனசு பேரா? அழகான பேரு சோறு போடுமா? அதை நான் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பால் பொங்கி அடுப்புல வழிஞ்சிடும்'ன்னா. அன்னைக்கே புர்கி ஆயிட்டா."

"அப்பா கட்டிக்கிட்டாரே! அப்புறமாவது மாத்தியிருக்கலாம்ல?"

"கட்டிக்கிட்டான். கோயில்ல பாதிரியார் செராஃபினான்னு கூப்பிட்டப்போ, அது யாருன்னு உங்கப்பன் ஒரு நிமிஷம் முழிச்சான். வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான்." அத்தை பின்னலின் நுனியைக் கட்டினாள். "அப்புறம் நீ பொறந்தே. என்ன பேருன்னு கேட்டோம். நோட்புர்கான்னு வைங்கன்னு உங்கம்மாவே சொன்னா. எங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. வீட்டு வழக்கத்தைக் காப்பாத்துற மருமகள்னு. எனக்குத்தான் கேக்காம இருக்க முடியல. ஏன்டி, போயும் போயும் இந்தப் பேரான்னு கேட்டேன். அவ காதோட சொன்னா. 'அந்தப் பேருக்குச் சொந்தக்காரி ஒருத்தி இந்த வீட்டுலயே பொறந்துட்டா, என்னை அப்படிக் கூப்பிட முடியாதுல்ல அண்ணி? என் பேரை எனக்குத் திருப்பிக் குடுத்துத்தானே ஆகணும்?'ன்னா."

"அப்புறம்?"

"ஞானஸ்நானம் முடிஞ்சு உன்னைத் தூக்கிக்கிட்டு வந்தோம். எங்கம்மா வாசல்ல நின்னு, 'அடேயப்பா, இனிமே நமக்கு ரெண்டு புர்கி! இது பெருசு, இது சிறுசு'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கப்பனும் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன்."

அத்தை அழவில்லை. பின்னலை அம்மாவின் தோளில் எடுத்துப் போட்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். "அதுக்கப்புறம் அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எனக்கு மட்டும் உன்னைப் பாக்குறப்பல்லாம் ஞாபகம் வரும்."

நோட்புர்கா அழுதாள். இத்தனை வருடமும் அம்மா தன்னை வேலைக்காரி என்று சொல்லிவிட்டதாக அவள் நினைத்துப் பொருமியிருந்தாள். தன் பெயரை மீட்க அம்மாவுக்கு இந்த வீட்டில் இருந்த ஒரே வழியாகத் தான் பிறந்திருந்ததும், தன்னை நோரா ஆக்கிக்கொண்டு அந்த வழியையும் தானே போய் அடைத்ததும் அவளுக்கு உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா காபி குடிக்கவில்லை. ஆறிய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, புர்கின்னு எங்கேயும் போடக் கூடாது. அடைப்புக்குள்ளயும் கூடாது."

"ஊர்ல தெரியணுமே..."

"தெரியலைன்னா நான் வீடு வீடாப் போய்ச் சொல்றேன். அது என் பேருப்பா. எனக்கு வேணும். செத்துப்போனது நான் இல்லை."

இருபத்தேழு வருடமாக அந்தப் பெயரைத் தொடாத பெண் இப்படிக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "மாட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்.

ஐந்தரைக்கு போன் அடித்தது. தெக்லா அத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "பிளாட்னர்தான். என்ன சொல்லட்டும்? வீட்டுக்குப் பெரியவன் அவன், அவன் வாயால வரட்டும். போய்க் கேட்டுட்டு வா" என்றாள்.

நோட்புர்கா முற்றத்தைக் கடந்து ஓடினாள். தொழுவத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால், வீட்டுக்காரர் தொழுவத்துக்குப் போய் ஒவ்வொரு மாட்டிடமும் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாடு இளைத்துப்போகும், பால் வற்றும் என்பார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதல் பசுவின் முன்னால் நின்றிருந்தார். ஏழு பசுக்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பலகை, அதில் வெள்ளைச் சாயத்தில் அதனதன் பெயர். ரோஸா, கோமாட்டி, புள்ளிக்காரி, அல்மா.

"ரோஸா" என்றார் அப்பா. தொண்டையைச் செருமினார். "ரோஸா, செரா... செராஃபி..." நின்றுவிட்டார். தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "செராஃபினா செத்துட்டா."

பசு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அப்பா அடுத்ததிடம் போனார். பலகையை நிமிர்ந்து பார்த்து, "கோமாட்டி, செராஃ... பினா செத்துட்டா" என்றார். மூன்றாவதிடமும் பாதியில் நாக்கு குழறியது. முழுவதையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவசரப்படவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அத்தை, "என்னடி சொல்றான்?" என்று கத்தினாள். நோட்புர்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஏழாவது பசுவிடம் வந்திருந்தார். அதன் நெற்றியில் கையை வைத்தார். இந்த முறை தடுக்காமல், வீட்டில் தினமும் கூப்பிடுகிற பெயரைப் போலச் சொன்னார்.

"செராஃபினா."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பசு தலையைத் தூக்கி, கதவுப் பக்கமாகப் பார்த்தது.